இடப்பக்கக் கண்ணாடியில் ஒரு பொட்டு

“தெரியிறேனா?”

லாரியின் இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கத்துகிறார் ஏகநாதன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து “தெரியுது” என்று குரல் வந்ததும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து மறுபடியும், “இப்போ தெரியிறேனா?”

வண்டலூரில் நான் வேலை பார்க்கும் சரக்குக் கிடங்கின் வாசலில்தான் அவருக்குத் தொழில். லாரிக் கண்ணாடிகளைத் துடைப்பது, தளர்ந்த கம்பியை முடுக்குவது, விரிசல் விட்டதை மாற்றுவது, ஓட்டுபவரின் உயரத்துக்குத் திருப்பி வைப்பது. துடைக்கும்போது முகத்தை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொள்வார். “என் மூஞ்சி அதுல இன்னாத்துக்கு? ரோடு தெரிஞ்சா போதும்.”

ஓட்டுநர் சாப்பிடப் போயிருந்தால் என்னைக் கூப்பிடுவார். “டிகிரி சார், மேல ஏறிக் குந்து.” எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்த அழைப்புக்காகவே ஏறி உட்காருவேன்.

கண்ணாடி சரியாக நின்றதும் பேச்சு முடிந்துவிடும். வண்டி கிளம்பிவிடும். மாடம்பாக்கத்தில் அவருக்கு ஒற்றை அறை. மனைவி கங்கையம்மாள் போன வருடம் இறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் கிடங்குக்கு வந்துவிடுகிறார். அன்று வண்டிகள் இருக்காது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பன்னை நனைத்துத் தின்றபடி பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆயுதபூஜை விடுமுறை முடிந்த மறுநாள் ஓட்டுநர் தினகரனின் லாரி வந்தது. முகப்பில் வாழைக்கன்று, வாடத் தொடங்கிய மாலை. இடப்பக்கக் கண்ணாடியின் நடுவே பெரிதாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“லோடு எங்க போவுது?”

“சேலையூர்ணா. சிமெண்ட்டு.”

“கேம்ப் ரோட்ல இஸ்கூல் வுடுற நேரம். புள்ளைங்க சைக்கிள்ல லெஃப்ட்லயே பூந்து வரும். இத்தத் தொடைக்கணும்.”

“ஐய, கைய வெக்காதணா. துர்கா வெச்சது, என் ஒய்ஃபு. அழிச்சா வண்டிக்கு ஆவாது. உன் வூட்ல பூஜ போட்ல?”

“போட ஆரு கீறா?”

தினகரன் ஏறிச் சாவியைத் திருகினான்.

ஏகநாதன் தன் சைக்கிளை எடுத்தார். லாரியின் பின்னாலிருந்து இடப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். தினகரன் கண்ணாடியை எக்கி எக்கிப் பார்த்தான்.

“எங்கணா பூட்ட?”

“உன் பொட்டுக்குள்ள கீறேன், நைனா.”

இன்ஜின் அணைந்தது. இறங்கி வந்த தினகரன் அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“அழிக்காதணா.” குரல் இறங்கியிருந்தது.

“அழிக்கல. எடம் மாத்துறேன்.”

ஈரத்துணியை அதன்மேல் கொஞ்ச நேரம் ஒற்றி வைத்தார். இளகியதை ஆள்காட்டி விரலால் வழித்து, கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டத்தின் மேல்விளிம்பில் அப்பினார். குங்குமம் சந்தனத்தோடு கலந்துவிட்டது. தினகரன் பரவாயில்லை என்று தலையாட்டிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தான். பிறகு ஏகநாதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி சைக்கிளோடு நடந்தார்.

“இப்போ தெரியிறணா!”

லாரி ஜி.எஸ்.டி. சாலையில் ஏறி மற்ற வண்டிகளோடு கலந்தது.

ஏகநாதனின் விரலில் அந்தப் பொட்டு கொஞ்சம் ஒட்டியிருந்தது. துணியை எடுத்தவர் துடைக்காமல் நின்றார். சாலைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அதைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.