பரீட்சைக் கூடத்தில் தண்ணீர் ஊற்றியவர்

எங்கள் கல்லூரிப் பரீட்சைக் கூடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவருக்குக் குடம் சுமந்தே இடது தோள் இறங்கியிருக்கும். யாருடைய முகத்தையும் பார்க்கமாட்டார். குவித்த கையைத்தான் பார்ப்பார்.

மாணவனாக இருந்தபோது ஒருமுறை உள்ளங்கை நிறையக் கணக்குச் சூத்திரங்களை எழுதிக்கொண்டு போயிருந்தேன். மேற்பார்வையாளர் என் வரிசைக்கு வந்துகொண்டிருந்தார். கூப்பிடாமலே தண்ணீர்க்காரர் என்முன் வந்து நின்றார்.

"கையை ஏந்துங்க தம்பி. பையக் குடிங்க."

தாமிரபரணித் தண்ணீரோடு மை முழுவதும் என் வயிற்றுக்குள் போனது.

பின்னாளில் அங்கேயே ஆசிரியனானேன். காப்பியடித்துப் பிடிபட்டவனைக் கல்லூரியை விட்டே விலக்கும் விதியை மாற்றி, முதல் தவறென்றால் மறுபடி எழுதவிடலாமா என்று ஆசிரியர் கூட்டத்தில் பேச்சு வந்தது. "கூடவே கூடாது" என்று எல்லோருக்கும் முந்திச் சத்தம் போட்ட வெட்கங்கெட்டவன் நான்தான். விதி மாறவில்லை. அன்றே, பிடிபட்டிருந்த ஒரு மாணவன் டிரங்குப் பெட்டியோடு அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பிப் போனான்.

பேசிய பேச்சில் தொண்டை வறண்டு வெளியே வந்தேன். வாசலில் அவர் குடத்தோடு நின்றார். அன்றைக்கு மட்டும் என் முகத்தைப் பார்த்தார்.

"தம்ளர்ல தரட்டா ஐயா, கையில ஊத்தட்டா?"

தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாகமில்லை என்று பொய் சொன்னேன்.