திருமதி தங்கராசா வெளியே வரவும்

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவனுக்கு எந்தப் படத்தின் தொடக்கமும் தெரியாது. இந்த உத்தியோகம் பார்த்துக் கெட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எழுபதுகளில், திருகோணமலையில் நான் முதலிலிருந்து பார்த்தது இந்த ஒரு கதையைத்தான்.

கச்சான் சுருள்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிப் பென்சன் எடுத்த தங்கராசா அண்ணர் மனைவியை இழந்தவர். உடுப்புத் தைக்கிற பூரணமக்கா விதவை. புதன்கிழமை மட்டினிக் காட்சிக்கு ஐந்து நிமிட இடைவெளி விட்டு இருவரும் வருவார்கள். அவர் ஆண்கள் பக்கம், அவ பெண்கள் பக்கம். இடைவேளையில் என்னிடம் ஒரு கச்சான் கடலைச் சுருளைத் தந்து அந்தப் பக்கம் அனுப்புவார். ஒருநாள், "கலியாணத்தைக் கட்டுங்கோவன் அண்ணை" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

"மகள் ஓம் எண்டு சொல்லட்டும் தம்பி. அவளை அழவைச்சுப்போட்டு எனக்கொரு கலியாணம் வேண்டாம்."

என் கைப்பிழை

அவசரமென்று யாராவது தேடி வந்தால், கண்ணாடித் துண்டில் பெயரை எழுதித் திரையில் காட்டுவோம். ஒரு புதன் அண்ணரின் மகள் சரோஜா ஓடி வந்தாள், பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் என்று. குடும்பமாக வருகிறவர்களுக்கு எழுதிப் பழகிய என் கை, "திரு, திருமதி தங்கராசா வெளியே வரவும்" என்று எழுதிவிட்டது.

ஆண்கள் பக்கம் ஒருவர் எழும்பினார். பெண்கள் பக்கமும் ஒருவர் எழும்பினா. வாசல் திரைச்சீலையைப் பிடித்தபடி சரோஜா இரண்டையும் பார்த்தாள். தகப்பனை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டாள்.

"எங்கட அம்மா செத்து மூண்டு வருசம். இதார் திருமதி?"

இடைவேளை வரை

பிறகு அண்ணர் வரவில்லை. பூரணமக்கா மட்டும் வந்து, கச்சான் வராத இடைவேளையோடு எழும்பிப் போவா. ஒருநாள் அவவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்கள் எழுதினது பிழைதான் தம்பி. ஆனா வாசிச்ச உடன நான் எழும்பிட்டன் பாருங்கோ."

எந்தப் பெயர்

மாரிமழை தொடங்கிய ஒரு புதன், படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், சரோஜா நனைந்தபடி வந்தாள். தகப்பன் ஆஸ்பத்திரியில், டொக்டர்மார் கைவிட்டுவிட்டார்கள், அவர் பூரணமக்காவைக் கேட்கிறார் என்றாள். கண்ணாடியை எடுத்துக்கொண்டு, "என்னெண்டு எழுத, தங்கச்சி?" என்றேன். கோபம் ஆறவில்லை என்று அவள் முகத்தில் தெரிந்தது.

"அவவின்ர பேரை மட்டும் எழுதுங்கோ. அம்மாவின்ர இடத்தை நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்."

பூரணமக்கா போய்ச் சேரும்வரை அண்ணருக்கு உயிர் இருந்தது. செத்தவீட்டில் அவவை வாசல் படலைக்கு வெளியேதான் நிற்கவைத்தார்கள். அத்தனை வருச உத்தியோகத்தில் நான் விட்ட பிழைகளில், திருத்த மனம் வராதது அந்தத் 'திருமதி' ஒன்றுதான்.