வெள்ளை மணல்மேல் ஐந்து மீன்கள்

2025 மார்ச் 11, செவ்வாய். காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினேன். மீன்தொட்டியின் வெப்பமானி இருபத்தொன்பது காட்டியது. ரப்பர் குழாயால் அடிக்கழிவை உறிஞ்சி மூன்று வாளித் தண்ணீரை வெளியேற்றினேன். முந்தின நாளே பிடித்து வைத்திருந்த மூன்று வாளியை ஊற்றும்போதுதான், பஞ்சு ஃபில்டருக்குப் பின்னால் ஒரு டிஸ்கஸ் மீன் சாய்ந்து கிடப்பதைக் கண்டேன். உள்ளங்கை அகலம் இருந்தது. செய்தித்தாளில் சுற்றி, கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்தேன். நோட்டில் ‘ஒன்று இறந்தது, மீதி நான்கு’ என்று எழுதினேன். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தார். எப்படியும் தொட்டியைப் பார்த்ததும் அவரே கேட்பார் என்று நினைத்து, எட்டேகாலுக்குப் பள்ளிக்குக் கிளம்பினேன். நான் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளன்.

அண்ணன் பட்டுக்குச் சாயம் போட்டவர். அண்ணி காலமான பிறகு எங்களோடு இருக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் கண்ணில் அழுத்தம் என்று சென்னையில் சொன்னார்கள். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து இருப்பதைக் காப்பாற்றத்தான் என்றார் டாக்டர். அன்று திரும்பும் வழியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள மீன் கடையில் ஒதுங்கினோம். வெளியே மழை. அண்ணன் ஒரு தொட்டி முன்னால் நின்றவர் மழை விட்ட பிறகும் நகரவில்லை. “இந்தச் சிவப்பு நம்ம சாயத்தொட்டியில எறங்காதுடா” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கடித் தொட்டியும் ஐந்து மீன்களும் வீட்டுக்கு வந்தன. அந்தச் சிவப்பு அவருக்குத் தெரிகிறவரை போதும் என்பதுதான் என் கணக்கு.

கடைக்கார பாய் முதல் நாளே சொன்னார்.

“டிஸ்கஸ்ஸுக்கு மண்ணே வேணாம் சார். வெறும் கண்ணாடிதான் சரி. போட்ட தீனி மண்ணுக்குள்ள பூந்து அழுகிக்கினு இருக்கும். ராஜா சார் இது, எச்சில் தட்டுல சாப்பிடாது.”

அப்படியே வைத்தேன். ஆனால் கண்ணாடித் தரையில் மீனின் நிழலும் விளக்கும் சேர்ந்து பளபளத்தன. சாயங்காலம் அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்து எத்தனை தெரிகிறது என்று கேட்டேன். மூன்று என்றார். கீழே எது மீன், எது நிழல் என்று பிடிபடவில்லை என்றார். மறுபடியும் பாயிடம் போனேன்.

“மீனுக்குக் கேக்கறீங்களா, கண்ணுக்குக் கேக்கறீங்களா?”

“கண்ணுக்கு பாய். எங்க அண்ணன் கண்ணுக்கு.”

“அப்ப கேள்வியே வேற ஆச்சே” என்று சொல்லிவிட்டு, வாளியிலிருந்த தீனியைக் கிண்டிக்கொண்டே யோசித்தார். பிறகு ஒரு மூட்டை கருப்பு மணலைக் காட்டினார்.

கருப்பு மணலில் மீன்களும் கறுத்தன. தரையின் நிறத்துக்கேற்ப அவை மேனியை மாற்றிக்கொள்ளும். பத்தாம் நாள் உடம்பெல்லாம் மிளகு தூவியதுபோலப் புள்ளி. அண்ணன் இரண்டு என்றார். வீடு கட்டியபோது மிஞ்சிய பாலாற்று மணல் கொல்லையில் கிடந்தது. அதில் ஒரு கைப்பிடி எடுத்துப்போய் ஆய்வகத்தில் இரண்டு சொட்டு அமிலம் விட்டேன், நுரைத்தது. சுண்ணாம்பு கலந்த மணல், தண்ணீரைக் கெடுக்கும். அது வேண்டாமென்று விட்டேன்.

கடைசியில் அண்ணனே சொன்னார். “சாயம் போட்ட நூலை வெள்ளை வேட்டி மேல வெச்சித்தான் நெறம் பாப்போம். மறந்துட்டியா?” இந்த வருடம் ஜனவரி முதல் வாரம் வெள்ளை மணல் வாங்கினேன். அமிலத்துக்கு நுரைக்கவில்லை. கொல்லைக் குழாயடியில், கழுவின தண்ணீர் தெளியும் வரை பதினொரு தடவை அலசினேன். அண்ணன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கட்டின பொண்டாட்டிக்கு ஒரு தலகாணி மாத்தல, மீனுக்கு இது ரெண்டாவது மெத்த” என்றாள் என் மனைவி.

“நீயும் தண்ணிக்குள்ள இரும்மா, மாத்துவான்” என்றார் அண்ணன்.

ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பினேன். அன்று சாயங்காலம் அண்ணன் ஐந்து என்றார். மறுநாளும் ஐந்து. நோட்டில் அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டேன்.

வெள்ளையில் போட்டால் மீன் வெளுக்கும் என்று பாய் எச்சரித்திருந்தார். வெளுத்தன. பிப்ரவரியில் அவை வெளிறிய செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டன. அண்ணனிடம் கேட்டபோது, “அரக்கு அப்படியே நிக்குதே” என்றார். ஒரே தொட்டியில் ஊறிய இரண்டு நூல்கட்டுகளைப் பிரித்து, இது அரை நிமிடம் முன்னால் எடுத்தது என்று சொல்லக்கூடியவர். ‘அண்ணன் அரக்கு என்கிறார்’ என்று எழுதி வைத்தேன். எழுதியதோடு சரி.

மீனைப் புதைத்த அந்தச் செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு வீடு திரும்பினேன். கை கால் கழுவி, சுவிட்சைத் தட்டித் தொட்டி விளக்கைப் போட்டேன். அண்ணன் நாற்காலியில் இருந்தார்.

“எத்தனைண்ணா?”

“அஞ்சு.”

“நல்லா பாருங்க.”

“அஞ்சுடா. எண்ணத் தெரியாதவனா நானு?”

அவர் முகம் தொட்டியின் பக்கம்தான் இருந்தது. ஆனால் மீன்கள் இடது ஓரத்தில் கூடியிருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருந்தது வலது ஓரத்தை, ஃபில்டர் குமிழி சத்தம் வருகிற இடத்தை.

“காலையில ஒண்ணு செத்துப்போச்சுண்ணா.”

அவர் வேட்டி நுனியை முழங்காலில் நீவிக்கொண்டிருந்தார்.

“எது, பெருசா?”

“பெருசுதான்.”

“கம்மியா சொன்னா நீ மறுபடியும் மண்ணை அள்ள ஆரம்பிச்சுடுவே” என்றார். “குழாயடியில உக்காந்து எத்தனை தடவதான் கழுவுவே?”

“எப்ப இருந்து?”

“பொங்கலுக்கு முன்னாடியே. வெள்ளைய நீ கொட்டறப்போ ஏதோ பொகை மாதிரி தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் இல்ல.”

“சொட்டு மருந்து?”

“விட்டுக்கினுதான் இருக்கறேன். நீ நேரத்துக்கு எடுத்துக் குடுக்கறியே.”

“வெளிச்சமாவது தெரியுதா?”

“நீ சுவிட்ச் போட்டா தெரியுது.”

சத்தம் வராமல் சுவிட்சைப் போட்டுப் பார்த்தால், அவருக்குத் தெரிவது வெளிச்சமா சத்தமா என்று தெரிந்துவிடும். சோதனை செய்வதுதான் என் வேலை. அதைச் செய்யவில்லை.

இரவு சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் மோர் கேட்டார், மனைவி ஊற்றினாள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நோட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு நாளும் என் கையெழுத்தில் ஐந்து, ஐந்து, ஐந்து. தேதி, வெப்பம், தண்ணீர் அளவு எல்லாம் சரியாக இருந்தன. அந்த ஐந்தை நான் அடிக்கவில்லை. அவர் சொன்னதைத்தான் எழுதியிருந்தேன். மீதி நான்கு மீன்களுக்கும் மணலில் அழுகும் தீனியால் என்ன ஆகும் என்று பாய் சொன்னதும் அதே நோட்டில், முதல் பக்கத்தில் இருந்தது.

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு, தொட்டி விளக்கைப் போடாமல், பழைய தயிர் டப்பாவால் மணலை அள்ளி வாளியில் கொட்டத் தொடங்கினேன்.