தண்ணீர் வற்றிய நேரத்துப் படம்

என் மகள் வேலை பார்த்த ஆராய்ச்சிப் பூங்கா, பர்மாவில் எங்கள் ஊர்ப் புறநகரான ஷ்வேப்யிதாவின் ஓரத்தில், ஒரு கால்வாய்க் கரையில் இருக்கிறது. பூங்கா என்று பெயர்தானே தவிர, ஊஞ்சலும் கிடையாது, சறுக்குமரமும் கிடையாது. நாலைந்து ஆய்வுக்கூடங்கள், நடுவே புல்வெளி, பின்பக்கம் கால்வாய். தொழிற்சாலைகள் அந்தத் தண்ணீரில் எதைக் கலக்கின்றன என்று சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. எனக்கு அதில் பாதி புரியாது. பெருமைக்கு மட்டும் குறைச்சல் இல்லை, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

கடை என்றது க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பக்கத்தில் நான் நடத்தும் ஸ்டூடியோ. முன்பெல்லாம் கல்யாணப் படம் சோறு போட்டது, இப்போது பாஸ்போர்ட் படம். வெள்ளைத் துணிக்கு முன்னால் ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து உட்காருகிறார்கள், ஊரை விட்டுப் போகிறார்கள். என் மகளும் அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்தாள். சிரிக்காதே என்று அவளிடமும் சொன்னேன்.

ஜப்பானுக்குக் கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றுதான். மாதம் ஒரு தடவையாவது அந்தக் கால்வாயைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். காவலாளிக்கு என்னைத் தெரியும், உள்ளே விடுவார். பஸ் பிடித்துப் போய் எடுத்து அனுப்பினேன்.

ஆனால் அவள் விட்டுப்போன இடமாக அது இருக்கவில்லை. கூட வேலை பார்த்தவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிநாட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். கூடங்களைப் பூட்டினார்கள், புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. அவள் குனிந்து நின்று தண்ணீர் மொள்ளும் பலகைத் துறை ஒரு மழையில் சரிந்து சேற்றில் விழுந்தது. அதை எடுக்கவோ நிமிர்த்தவோ ஆள் இல்லை.

அதை அவளுக்கு எப்படிக் காட்டுவது? மணப்பெண்களின் பருவையும் தழும்பையும் மறைத்தே பழகிய கை என்னுடையது. ஆற்றில் கடல் ஓதம் ஏறும்போது கால்வாயும் நிறைந்துவிடும், விழுந்த பலகை தண்ணீருக்குள் போய்விடும். அந்த நேரம் பார்த்துப் போவேன். சாயங்கால வெயிலில், எதிர்க்கரை மரங்கள் தண்ணீரில் தெரிய, ஆகாயத்தாமரை இல்லாத பக்கமாகத் திருப்பி எடுப்பேன். காலண்டரில் போடலாம், அவ்வளவு அழகாக இருக்கும்.

போன மழைக்காலத்தில் அவளிடமிருந்து குரல்செய்தி வந்தது. அவளுக்குத் தமிழ் எழுத வராது, பாதி பர்மியத்தில் பேசித்தான் அனுப்புவாள். அன்று முழுக்கத் தமிழிலேயே பேசினாள்.

"வாப்பா, பழைய வேலைக்கு மேலிடத்துல இருந்து திரும்பக் கூப்பிடுறாங்க. அங்க ஒண்ணும் மாறலன்னு சொல்றாங்க. மாசாமாசம் நீங்கதான் நேர்ல பாக்குறீங்களே. எல்லாம் அப்படியேதானே இருக்கு? வந்துரவா?"

வா என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அவள் இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை, இதில் மறைக்க ஒன்றுமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் பதில் அனுப்பினேன்.

என் மனைவியிடம் சொன்னதும் அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பாதி நாள் கரண்ட் இல்லாத ஊரில், பூட்டிய கட்டடத்தில் பிள்ளை எதைச் சோதிப்பாள் என்று கேட்டாள். அங்கே ராத்திரி யார் வந்து கதவைத் தட்டுவார்களோ என்ற பயமில்லாமல் தூங்குகிறாள், அது உங்களுக்குப் பொறுக்கவில்லையா என்றாள்.

"உங்க படத்த நம்பித்தான் புள்ள கேக்குது. நெசத்த எடுத்து அனுப்புங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாப்பிடாமல் படுத்தேன். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை, கோபமே அதனால்தான்.

இந்தத் தடவை ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் போனேன். நாற்றம் தாங்காமல் மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டேன். ஆனால் படமோ மறுபடியும் அழகாக வந்து தொலைத்தது. ஈரச் சேற்றில் வெயில் மினுங்கியது, போதாததற்கு ஒரு கொக்கு வேறு வந்து நின்றது. கொக்கைக் கல்லெறிந்து விரட்டினேன். மேகம் வந்து வெளிச்சம் செத்துப்போகும் வரை காத்திருந்து, சேற்றில் கிடந்த பலகையையும், அதில் சிக்கியிருந்த பிளாஸ்டிக் பைகளையும், பின்னால் பூட்டு தொங்கிய அவளுடைய கூடத்தையும் ஒரே படத்தில் எடுத்தேன். எதையும் திருத்தாமல் அனுப்பினேன்.

மூன்றாம் நாள் கடையில் இருந்தபோது குரல்செய்தி வந்தது.

"நான் வரல வாப்பா." பின்னால் ரயில் போகும் சத்தம் கேட்டது. "நீங்க அனுப்புனதுலயே இதுதான் நல்ல படம்."

என் படத்தை அவள் ஒரு தடவைகூடப் புகழ்ந்தவள் இல்லை. வெள்ளைத் துணிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். முன்பக்கம் ஒரு பெண் பாஸ்போர்ட் படத்துக்காகக் காத்திருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னேன்.