யாளியின் வாய்க்குள் தங்கையின் கை

அன்று நான் ஆள் கூப்பிடத்தான் ஓடினேனா, அல்லது தப்பித்தால் போதுமென்று ஓடினேனா? எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்லில் எங்காவது கை பட்டுவிட்டால், அந்த வழுவழுப்பும் குளிர்ச்சியும் விரல் வழியே ஏறி இந்தக் கேள்வியாகத்தான் வந்து நிற்கின்றன. எனக்கு முப்பத்தைந்து வயதாகிறது, ஏழு வயதில் ஒரு மகள் இருக்கிறாள், பதில் இன்னும் தெரியவில்லை.

நாங்கள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த குடும்பம். அப்பாவுக்கு அங்கே 'சாலை' என்ற பெயருள்ள கடைவீதியில் ஒரு மொத்தத் துணிக்கடையில் வேலை. எங்களுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். நான் நான்காம் வகுப்பு முடிக்கும் சமயத்தில் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு மலையாளக் கதைப் புத்தகத்தை எடுத்து வந்தேன். எப்போதோ மழையில் நனைந்து காய்ந்து தாளெல்லாம் அப்பளம்போல் நெளிந்திருந்த அந்தப் புத்தகத்தின் அட்டையில், பச்சை நிறத்தில் ஒரு மிருகம் நெருப்பைக் கக்கிக்கொண்டிருக்க, அதன் எதிரே ஒற்றைச் சடை போட்ட ஒரு சிறுமி நின்றாள். 'வ்யாளி'யின் குகைக்குள் போய் அதன் நாக்குக்கு அடியில் இருக்கும் உருண்டைக் கல்லை அவள் எடுத்து வந்தால்தான் அவளுடைய ஊரின் வறண்ட ஆற்றில் மறுபடி தண்ணீர் ஓடும்.

தங்கை கோமதிக்கு அப்போது ஆறு வயது. மலையாளம் வாசிக்க வராது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிமெண்டுத் தரையில் இருவரும் குப்புறப் படுத்துக்கொண்டு, நான் ஒரு வரி படித்து அதைத் தமிழில் சொல்ல, அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்பாள். முதல் நாளே 'வ்யாளி'யில் தடுக்கி நின்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டபோது, அம்மா தலை நிமிராமலே சொன்னாள்: "யாளிதான், வேற என்ன? கோயில் தூண்ல நிக்குல்லா, அதான்."

மலையாளத்தில் டிராகனுக்கு அப்படியொரு பெயர் என்பது அம்மாவுக்குத் தெரியாது. காதில் விழுந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லால், எங்கோ தூரதேசத்து மலைக்குகையில் கிடந்த மிருகம் சாலைக் கடைவீதிக்குப் பின்புறம் எங்கள் ஆட்கள் கும்பிடும் கோயிலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பிதுங்கிய கண்ணும் வரிசைப் பல்லுமாக அங்கே தூணில் நின்ற யாளியின் வாய்க்குள் நிஜமாகவே ஓர் உருண்டைக் கல் இருந்தது. விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவில் நடுவில் கேள்வி கேட்டுத் தொல்லை செய்தவளை அடக்க, புத்தகத்தில் இல்லாத ஒரு வரியை நானே சேர்த்தேன். "பயந்தவங்க கையத்தான் அது கடிக்கும்."

"நீ பயப்படுவியா, எக்கா?"

"நானா? மாட்டேன்."

அந்த வாரம் முழுவதும் பிராகாரத்தில் நான் அந்தத் தூணைத் தொடாமல் சுவரை ஒட்டியே நடந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை. தீபாராதனைக்கு முன் நடை சாத்தியிருக்க, அம்மா சன்னிதிக்கு முன்னால் கூட்டத்தோடு நின்றிருந்தாள். நாங்கள் இருவரும் வெளிப் பிராகாரத்தில். கோமதி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தூணின் அடிப்பீடத்தில் ஏறி, நான் "வேண்டாம்" என்று சொல்வதற்குள் வலது கையை யாளியின் வாய்க்குள் நுழைத்துவிட்டாள். கல் உருளும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. அவள் கையை இழுத்தாள், வரவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, கத்தாமல், ஏதோ ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள்:

"எக்கா, கடிச்சிட்டு."

நான் ஓடினேன். அம்மா இருந்த சன்னிதி ஒரு பக்கம். நான் ஓடியது வாசல் பக்கம். இதை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வாசலில் பூ விற்கும் இசக்கியம்மை என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். "எங்கட்டி இப்பிடிப் பறக்கே?" கோமதி, யாளி என்று இரண்டு சொல்தான் எனக்கு வந்தது. அவள் பூக்கூடையை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடி, விளக்கிலிருந்து எண்ணெயை உள்ளங்கையில் எடுத்துத் தங்கையின் மணிக்கட்டில் தடவினாள். "கல்லப் புடிச்சிட்டிருக்கியா? விட்டிரு மக்ளே. விட்டாத்தான் கை வரும்." கோமதி வெகுநேரம் விடவில்லை. கடைசியில் விட்ட பிறகுதான் அழுதாள். மணிக்கட்டைச் சுற்றிச் சிவந்து தோல் உரிந்திருந்தது. அதற்காக அவள் அழவில்லை. "அப்போ ஆத்துல தண்ணி வராதே" என்று தேம்பினாள்.

அதற்குள் அம்மாவும் நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். "சின்னது துடுக்கு. பெரியவளுக்குப் புத்தி உண்டு, ஓடிப்போய் ஆளக் கூட்டிட்டு வந்தாள்லா" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். இசக்கியம்மை மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிள்ள வெறச்சுப் போயிருக்கு, தண்ணி குடுங்கோ" என்றாள். திங்கட்கிழமை அம்மாவே பள்ளிக்கு வந்து புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு அத்தியாயம் மீதம் இருந்தது. குகைக்குள் போன சிறுமி வெளியே வந்தாளா என்பது எனக்குத் தெரியாது. அடுத்த ஆண்டு அதே அலமாரியில் அது இருந்தும் நான் எடுக்கவில்லை.

என் மகள் மீனு இப்போது டிராகன் கதைகளாகவே படிக்கிறாள். தடித்தடியான ஆங்கிலப் புத்தகங்கள். அவற்றில் டிராகன்கள் பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு பறக்கின்றன. சிநேகிதிகளோடு மலையாளமும் புத்தகத்தோடு ஆங்கிலமும் பேசுகிறவள், என்னிடம் ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றால் தமிழுக்கு வருவாள். போன மாதம் விழிஞ்ஞம் போயிருந்தோம். தூரத்தில் புதிய துறைமுகத்தின் கிரேன்கள் கழுத்தை நீட்டி நின்றன. "அம்மா, நோக்கு, வ்யாளி நிக்குது" என்று சொல்லிக்கொண்டே, கடலோரத்தில் கொட்டியிருந்த பாறைகளின் மேல் தாவித் தாவி, பாசி பிடித்த கடைசிப் பாறைவரை போய்விட்டாள். அலை வந்து அவள் முழங்காலை நனைத்தது. என் கால் ஓர் அடி பின்னால் போயிற்று. ஆமாம், பின்னால்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் எழுந்து போய் அவளைத் தூக்கி வந்தார். "மோளே, அவிடெ வழுக்கும்" என்று என் பக்கத்தில் இறக்கிவிட்டார். கணவர் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது, பாறையில் ஏறிவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும், அவள் பாதி படித்திருந்த புத்தகத்தை எடுத்துப் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அன்று என் அம்மா செய்ததைத்தானே செய்கிறேன் என்று தோன்றியது, இருந்தும் வைத்தேன். மீனு தினமும் கேட்கிறாள். நேற்று என் முகத்தை நேராகப் பார்த்து, "அம்மைக்குப் பேடியாணோ?" என்றாள். உனக்குப் பயமா என்று கேட்கிறாள். "எல்லாம் உனக்காகத்தான்" என்றேன்.

திருநெல்வேலியில் இருக்கும் கோமதிக்குப் போன் செய்து, யாளியிடம் மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். சிரித்தாள். "வலிச்சுதுக்கா. ஆனா பயமே இல்ல. நீ ஆள் கூப்பிடப் போயிருக்கேன்னு தெரியும்லா, அதான் அசையாம நின்னேன்."

"ஆமா" என்றேன்.

கோயிலுக்கும் போய்ப் பார்த்தேன். தூணைச் சுற்றி இரும்புக் கம்பி அடைத்திருக்கிறார்கள். யாளியின் வாயில் கல் இல்லை, சிமெண்டு பூசியிருக்கிறது. இசக்கியம்மை உட்கார்ந்த இடத்தில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறார்கள்; அவளைத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. பள்ளி நூலகத்தின் பழைய புத்தகங்கள் என்றைக்கோ பழைய பேப்பருக்குப் போய்விட்டன.

அந்தப் பாறைகளின் மேல் மீனு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் என்னை அரிக்கிறது. பின்னால் அம்மா வருகிறாள் என்ற நிச்சயத்தில் போய்க்கொண்டிருந்தாள், கோமதி அன்று நின்றதைப்போல. புத்தகத்தை ஒளித்துவைத்தால் அந்த நிச்சயம் போய்விடுமா? போகத்தான் வேண்டுமா? பிள்ளை வளர்த்தவர்களிடம் கேட்கிறேன்: ஏழு வயதுக் குழந்தையிடம், "அம்மா வராமலும் போகலாம், நீயே பார்த்து இறங்கு" என்று ஒரு தாய் சொல்லலாமா? சொல்லலாமென்றால், எந்த வார்த்தைகளில் சொல்ல வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள்.