பலகைக்கு வைத்த பொட்டு

எங்கோ எண்ணெய்க் கிணறுகள் இருக்கும் இரண்டு நாடுகள் சண்டை போட்டுக்கொண்டால், ஜவ்வாது மலையில் என் வீட்டு அரிக்கேன் விளக்கு அணையும். எண்பதுகளின் தொடக்கத்தில் இது எனக்குப் புரியவே கொஞ்ச காலம் ஆயிற்று. என் கணவர் மலைக்கிராமப் பள்ளியில் வாத்தியார். ரேடியோவில் செய்தி கேட்டு முடித்ததும், "இந்த மாசம் எண்ணெய் கஷ்டந்தான்" என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். அவர்கள் சண்டைக்கும் என் வீட்டு விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம்தான் பாய்வேன். பாவம், சண்டையை மூட்டிவிட்டவர் அவரே என்பதுபோல் தலையைக் குனிந்துகொள்வார்.

மண்ணெண்ணெய் அடிவாரத்துக் கடையிலிருந்துதான் மேலே ஏறிவர வேண்டும். கடைக்காரர் கதவைத் திறக்கும்போதே "ஸ்டாக் இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டுதான் திறப்பார். வேண்டியவர்களுக்குக் கொல்லைப்புறமாகப் போகும். விலை என்ன என்பது அவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் கேனைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் இறங்கி, அவருக்கு ஒரு கும்பிடு போட்டு, வெறும் கேனோடு ஏறி வருவார்கள். நானும் கும்பிட்டிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு எரிகிறது.

எனக்கு விளக்கு சும்மா வெளிச்சத்துக்காக இல்லை. என் அப்பா கலசப்பாக்கம் பக்கத்தில் நெல் விவசாயி. அண்ணன்களைக் காலேஜுக்கு அனுப்பினார், என்னை எட்டாவதோடு நிறுத்தினார். மலையில் பால்வாடி தொடங்கப் போகிறார்கள், பத்தாவது பாஸ் செய்தால் டீச்சர் வேலை கிடைக்கும் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பிரைவேட்டாகப் பரீட்சை எழுதினேன். தண்ணீர், விறகு, அடுப்பு என்று பகல் முழுக்கப் போய்விடும். சாயந்திரம் விளக்கேற்றிய பிறகுதான் புத்தகம். முதல் தடவை எழுதிய வருஷம் எண்ணெய்ப் பஞ்சம். பாதிப் பாடம் இருட்டிலேயே போய்விட்டது. ஃபெயில் ஆனேன். என் பெரிய அண்ணன், "அதுக்குதான் அப்பவே சொன்னோம்" என்றான். இன்னொரு தடவை தோற்றால் அந்த முகத்தைப் பார்க்கவே கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஜீப் வந்தது. ஏதோ சோதனைத் திட்டமாம். கரண்ட் இல்லாத ஊர்களில் வெயிலிலிருந்து விளக்கு எரிய வைக்கப் போகிறார்களாம். ஊரில் எல்லாம் புல் வீடுகள், பலகையின் கனத்தைத் தாங்காது. ஓட்டுக்கூரை இருந்தது எங்கள் வீட்டுக்கு மட்டுந்தான். அதனால் நீலப் பலகை எங்கள் கூரையேறியது. உள்ளே ஒரு பேட்டரி, ஒரு குட்டி டியூப்லைட். முதல் நாள் அது எரிந்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கேன் இல்லை, கடை இல்லை, கும்பிடு இல்லை. உலகத்தில் எவன் எவனோடு சண்டை போட்டாலும் என் விளக்கு எரியும் என்று கணவரிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன்.

ஆனால் மலை முழுக்க இருட்டாக இருக்கும்போது ஒரு வீட்டில் மட்டும் வெளிச்சம் இருந்தால் அந்த வீடு யாருடையது? பக்கத்து வீட்டு அக்கா ஒரு கூடையோடு வந்து நின்றாள். சாமையும் புளியும்தான் அவர்கள் பிழைப்பு. "வாத்தியாரம்மா, ஒரு மூலைல குந்திக்கறேங்க. உங்களுக்கு இன்னா தொந்தரவு?" என்றாள். மறுநாள் ஐந்து பேர் ஆனார்கள். சாமை புடைப்பதும் துவரை உரிப்பதும் ஊர்க்கதையும் என் புத்தகத்தைச் சுற்றி நடந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

பொங்கலுக்கு அம்மா வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பினோம். சுவிட்சைப் போட்டால் விளக்கு கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. மறுநாளும் அப்படியே. கணவர் ஒயரைப் பிரித்துச் சேர்த்தார், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினார், ஜீப்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். யாரும் வரவில்லை. அடிவாரத்திலோ எண்ணெய் மறுபடியும் இல்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் கூடி வந்து விளக்கையே தொட்டுத் தொட்டுப் பார்த்ததில்தான் கெட்டுப்போயிற்று என்று அக்காவின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

கடைசியில் ஒரு மத்தியானம், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஏணி வைத்துக் கூரைமேல் ஏறினேன். பலகை ஓட்டோடு படிந்து கிடக்கும், கீழேயிருந்து பார்த்தால் சட்டத்தின் ஓரம் மட்டுந்தான் தெரியும். மேலே போய்ப் பார்த்தேன். கண்ணாடி முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது. அதன்மேல் சந்தனம், வரிசையாகக் குங்குமப் பொட்டுகள், குறுக்கே காய்ந்துபோன சாமந்தி மாலை. சூரியப் பொங்கலன்று ஊரே ஏறிக் கும்பிட்டிருக்கிறது. நலங்குக்குக்கூட அவ்வளவு மஞ்சள் பூசமாட்டார்கள். வெயில் உள்ளே போக ஒரு விரல் இடம் இல்லை.

நான் கூரைமேலிருந்தே கத்தினேன். அக்கா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"யாருக்கா இத பண்ணது?"

"நாங்கதாம்மா. கும்பிட்டோம். ஏன், இன்னா தப்பு?"

"இத மூடிட்டா வெயிலு எப்டி உள்ள போவும்? என் படிப்பு போச்சு!"

அவளும் விடவில்லை. "கடக்காரன கும்பிட்டாதான் ஒரு லிட்டர் கிருஷ்ணாயிலு தர்றான். அதும் அவன் மனசு வெச்சா. இவுரு கேக்காமயே தெனமும் குடுக்கறாரு. ஒரு பொட்டு வெக்கக் கூடாதா? அவுரும் கோச்சிகினு நிறுத்திட்டா இன்னாம்மா பண்ணுவீங்க?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. என் கோபம் நிற்கவில்லை என்பது வேறு விஷயம். அக்கா ஒரு குடம் தண்ணீரோடு ஏணியேறி வந்தாள். இரண்டு பேருமாகத் தேய்த்தோம். அவள் ஒவ்வொரு பொட்டையும் துடைக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: பொட்டு இரும்புச் சட்டத்தின் மூலையில், கண்ணாடியில் கிடையாது. இப்போது வேலூரில் என் மொட்டைமாடியிலும் பலகைகள் இருக்கின்றன. கரண்ட் பில் ஏறும் வேகத்தைப் பார்த்துப் போட்டோம். அவற்றின் சட்டத்திலும் பொங்கலுக்குப் பொட்டு வைக்கிறேன்.

சில நாள் வெயிலில் பேட்டரி தேறிவிட்டது. புளி சீசனும் வந்தது. நான் போய்க் கூப்பிட்டபிறகுதான் அக்கா திரும்ப வந்தாள். எல்லாரும் கல்லில் வைத்துப் புளியைத் தட்டிக் கொட்டை எடுக்கும் சத்தத்தில் மனசுக்குள் படிக்க முடியாது. அதனால் உரக்கப் படித்தேன். சரித்திரம் வந்தால் எல்லாருக்கும் குஷி. ஒருநாள் அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டு, "நேத்து அந்த ராசா தம்பிதான் காட்டிக்குடுத்தான்னு படிச்சீங்க, இன்னிக்கு மச்சான்றீங்க?" என்றாள். புத்தகத்தைப் பார்த்தேன். தம்பிதான். பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. புளிவாசனை அடிக்கும் அந்தச் சாயந்திரங்களைப்போல் நான் பிறகு எதையும் அனுபவித்ததில்லை. இப்போது என் வீட்டில் அறைக்கு ஒரு விளக்கு, விளக்குக்கு ஒரு ஆள்.

ரிசல்ட் வந்த பேப்பரை என் கணவர் அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய ஓடியே கொண்டுவந்தார். என் நம்பர் இருந்தது. நான் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"பாஸுங்களா?"

"பாஸுக்கா."

அவள் அந்தப் பேப்பரை உற்றுப் பார்த்தாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, மெதுவாகக் கேட்டாள்:

"அப்போ எங்குளுக்கும் பாஸுங்களாம்மா?"