மன்னிப்புக் கிடைத்த ஞாயிறு

1932, ஆவணி. சனிக்கிழமை.

தலைமன்னாரில் கப்பலை விட்டிறங்கி, மதவாச்சியில் ரயில் மாறி, சுன்னாகத்தில் கால் வைத்தபோது பிற்பகல் மூன்று மணி. அங்கிருந்து மூன்று மைல் போக மாட்டுவண்டிக்காரர் ஐம்பது சதம் கேட்டார்.

"சோளகக் காத்துக்கு எதிராலை மாடு இழுக்கவேணுமெல்லே, ஐயா?"

காற்றுக்கும் சேர்த்து வாடகை கேட்கும் ஊரைத் திருநெல்வேலிக்காரனான நான் அன்றுதான் கண்டேன். கேட்டதைக் கொடுத்தேன்.

நான் போன ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் தெரியும். அங்கே அமெரிக்க மிஷன் சபையின் மூப்பர் தம்பையா வீட்டில் தங்கினேன். மனைவியை இழந்தவர். அவருடைய பத்து வயது மகள் நெருப்புக்காய்ச்சலில் சாகக் கிடந்து பிழைத்தவள். விதவைத் தங்கை இரத்தினம், மிஷன் பெண்கள் பாடசாலையில் ஆசிரியை. தேநீருக்கு முன்னும் ஜெபம், பின்னும் ஜெபம். கண்டிப்பான வீடுதான், ஆனால் சாப்பாட்டில் கண்டிப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை.

ஆலயத்தில் ஜன்னலோரம் ஒரு நீள பெஞ்சு, அவர்கள் பேச்சில் 'வாங்கு', காலியாக இருந்தது. காற்று வருகிறதே என்று போய் உட்கார்ந்தேன். சபை முழுவதும் என்னையே பார்த்தது. சற்று நேரத்தில் இரத்தினம் வந்து அதே வாங்கின் மறு ஓரத்தில் தலை குனிந்து அமர்ந்தார். அடுத்த வாங்கிலிருந்தவர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, எழும்பி இஞ்சாலை வாரும். உது விலக்கி வைச்ச ஆக்களின்ரை வாங்கு."

எனக்கு முகம் எரிந்தது. எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இராப்போசனம் என்னும் திருவிருந்துக்கு முன் போதகர் இரத்தினத்தை எழுந்து நிற்கச் சொன்னார். பிழையை எல்லார் முன்னும் ஒப்புக்கொண்டால் சபையில் சேர்ப்பார்கள். இல்லையென்றால் பாடசாலை வேலையும் போய்விடும்.

"பிள்ளையார் கோயிலிலை கற்பூரம் கொளுத்தி நேர்த்தி வைச்சது உண்மையோ?"

"ஓம், ஐயா."

"ஆர் உம்மை ஏவினது?"

அவர் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார். பிறகு, "ஒருத்தரும் ஏவேல்லை. என்ரை புத்திதான்" என்றார்.

சபை மன்னித்தது. மற்றவர்களுக்கு அப்பத் தட்டை நீட்டிய மூப்பர், தங்கைக்கு மட்டும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கையில் மூப்பர் தாமாகவே சொன்னார்.

"தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல் முத்தினபோது தங்கச்சியைக் கோயிலுக்கு அனுப்பினது நான்தான். மூப்பர் போய் அங்கை நிக்கேலாதெல்லே?"

"நீங்கள் எழுந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் சபை உடைஞ்சுபோம்." பத்தடி நடந்த பிறகு, "இல்லை, எனக்குப் பயம்" என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாசலில் அந்தப் பெண்பிள்ளை ஓடிவந்து அவர் கையைப் பிடித்ததும் அந்த ஆத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பிள்ளை பிழைத்தது ஜெபத்தாலா, கற்பூரத்தாலா? பிழை அனுப்பியவருடையதா, போனவருடையதா?

திங்கட்கிழமை.

காலை ஏழு மணிக்கு வண்டி வந்தது. இரத்தினம் வழிக்கென்று பனங்காய்ப் பணியாரம் கட்டித் தந்தார். எங்கள் பக்கத்தில் இப்படி ஒன்று நடந்தால் ஊர் நாலு நாள் வாயில் போட்டு மென்றுவிட்டு மறந்துவிடும். இங்கே ஒரே காலையில் கணக்குத் தீர்த்துவிடுகிறார்கள். அதுவே மேல் என்று தோன்றியது.

"எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, அம்மா" என்றேன்.

"அண்ணை உங்களுக்குச் சொன்னவராம்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கோயிலுக்குப் போனதைச் சபை மன்னிச்சிட்டுது. ஆண்டவற்றை சந்நிதியிலை நிண்டு பொய் சொன்னனே, ஐயா, அதை இனி ஆரிட்டைச் சொல்லுறது?"